அந்தச் சனிக்கிழமை நான் சொன்ன 'சரி'

786

ஓசூர்,
12-3-1989, ஞாயிறு.

அன்பு மகள் காத்தூனுக்கு அம்மா ஃபகருன்னிசா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் பேரன் தாவூதும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் உங்க அத்தாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உடம்புக்கு என்று மட்டும்தான் எழுத முடிகிறது, மற்றதைப் பின்னால் எழுதுகிறேன். பதறாமல் படி. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே படிக்காதே, அவனைத் தூங்கப் போட்டுவிட்டு உட்கார்ந்து படி.

பேரன் போட்டோ வந்து சேர்ந்தது. நெற்றி அப்படியே மாப்பிள்ளை நெற்றி, வாயைக் கோணிக்கொண்டு அழுகிறது மட்டும் உன்னைப்போல. கழுத்து மடிப்பில் வேர்க்குரு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், அந்த மஸ்கட் வெயிலுக்கு வராமல் என்ன செய்யும், பவுடரைக் கொட்டாதே, குளிப்பாட்டி மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காற்றாட விடு. இங்கேயும் இந்த வருஷம் மார்ச்சிலேயே வெயில் ஏறிவிட்டது, ஓசூரிலா இப்படி என்று எல்லாரும் கேட்கிறார்கள், ஊரைச் சுற்றி இத்தனை ஃபேக்டரி வந்த பிறகு பழைய குளிர் எங்கே இருக்கும். உத்தனப்பள்ளி சின்னம்மா மகளுக்கு நிக்காஹ் முடிவாகியிருக்கிறது, பெருநாள் கழிந்து இரண்டாவது வாரம், மாப்பிள்ளை காவேரிப்பட்டினத்தில் துணிக்கடை. நோன்புக்கு இன்னும் நாலு வாரம்தான் இருக்கிறது. பால் கொடுக்கிறவளுக்குச் சலுகை உண்டு, பிறகு வைத்துக்கொள்ளலாம், பிடிவாதம் பிடிக்காதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தம்பி ஷௌகத் ஏன் என் கடிதத்துக்குக் கீழே நாலு வரி எழுதுவதில்லை என்று நீ மூன்று முறை கேட்டுவிட்டாய். ஆர்டர் அதிகம், அவனுக்கு ஓய்வில்லை என்று ஒருமுறை எழுதினேன், கிருஷ்ணகிரிக்குப் போயிருக்கிறான் என்று ஒருமுறை எழுதினேன், கண்வலி என்று ஒருமுறை எழுதினேன். மூன்றும் பொய் கண்ணு. நீ பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி, உனக்கு எழுதவே கூடாது என்று அத்தா சொல்லிவிட்டார். அது மட்டுமில்லை, எழுதினால் நான் செய்ததையும் எழுத வேண்டும், அதற்குத்தான் எனக்குக் கை வரவில்லை. தம்பி வீட்டில் இல்லை. நவம்பர் மாதத்திலிருந்து இல்லை. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. நம் ஷெட் எப்படி நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது, நீயும் கல்யாணமாகிப் போய் நாலு வருஷம் ஆகிறது, அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

உங்க அத்தா பெங்களூரில் பதினோரு வருஷம் ஃபேக்டரியில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். கக்கூஸுக்குப் போகக்கூட ஃபோர்மேனிடம் ஒரு தகரத் துண்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும், ஐந்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருநாள் வயிற்றுப்போக்கு இருந்தபோது அந்தத் தகரத் துண்டைக் கொடுக்காமல் எல்லார் முன்னாலும் நிறுத்திவைத்து, மனுஷன் நின்ற இடத்திலேயே அசிங்கப்பட்டுப்போனார். இதை அவர் என்னிடம் சொன்னதே ஷெட் போட்ட பிறகுதான். அதனால்தான் ராயக்கோட்டை ரோட்டில் தகடு வெட்டுகிற மூன்று பவர் பிரஸ்ஸோடு சொந்தமாக வாஷரும் கிளிப்பும் அடிக்க ஆரம்பித்தபோது, இந்தக் கூரைக்குக் கீழே ஃபோர்மேன் என்று ஒருத்தன் இருக்க மாட்டான், நானும் ஃபோர்மேன் இல்லை என்று சொல்லிவிட்டார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டினார். அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலையெல்லாம் அதில் இருக்கும், வருகிறவர்கள் பார்த்து அவரவர் பேரை எழுதிக்கொள்ள வேண்டியது. யார் எந்த பிரஸ், யாருக்கு எப்போது லீவு, புதிதாக யாரைச் சேர்ப்பது, எந்த ஆர்டரை எடுப்பது, எல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் டீ குடித்துவிட்டு வட்டமாக உட்கார்ந்து பேசி முடிவாகும். ஓட்டு எண்ணுவது கிடையாது. ஒருத்தர் வேண்டாம் என்று காரணம் சொன்னால் அந்தக் காரியம் நடக்காது, அது அத்தாவாக இருந்தாலும் கூட்டுகிற மாரம்மாவாக இருந்தாலும் ஒன்றுதான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய பிரஸ் வாங்க அத்தா எவ்வளவு ஆசைப்பட்டார், மெஷின் ரிப்பேர் பார்க்கிற கோவிந்தன் போய்ப் பார்த்துவிட்டு அதன் தண்டில் கீறல் இருக்கிறது வேண்டாம் என்றான், அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. பக்கத்து ஷெட்காரர்கள் நம் ஷெட்டைப் பஞ்சாயத்து ஷெட் என்று கேலி பேசினார்கள், ஆனால் கிருஷ்ணப்பன் கேழ்வரகு அறுப்புக்கு ஊருக்குப் போய்விட்டால் யாரும் யாரையும் கேட்காமல் அவன் வேலை தானாக நடந்து முடிந்திருக்கும், அதைப் பார்த்து அவர்களுக்கே ஆச்சரியம்தான்.

நான் முதலில் டீ போடத்தான் ஷெட்டுக்குப் போனேன். பிறகு வாஷரில் பிசிர் இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்க உட்கார்ந்தேன், பிறகு பேக்கிங் முழுக்க என் கைக்கு வந்தது. நீ கல்யாணமாகிப் போன வருஷம்தான் சனிக்கிழமை வட்டத்தில் எனக்கும் ஒரு இடம் வந்தது. காத்தூன், உனக்கு இதைச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை, என் நிக்காஹ் பேசினபோதுகூட என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்தெட்டு வயசில், மற்ற எட்டுப் பேரும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நீங்க என்னாம்மா சொல்றீங்க என்று என் முகத்தைப் பார்த்தார்கள். இருட்டின பிறகும் வேலை பார்க்கலாம் என்று அன்றைக்குப் பேச்சு. பொம்பளைகள் வீடு திரும்புவது எப்படி, வேண்டாம் என்றேன். அவ்வளவுதான், எழுதினதை அழித்துவிட்டார்கள். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், அந்த வட்டம் எனக்கு அவ்வளவு பெரியதாக இருந்தது, அதற்குத் துரோகம் பண்ணக் கூடாது என்று நினைத்தேன், அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான். நியாயம் கேட்டு எழுதவில்லை.

பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு கம்பி வலை உண்டு, கார்டு என்பார்கள். அதைக் கீழே இறக்கி மூடிவிட்டுப் பெடலை மிதித்தால் பிரஸ் இறங்கும்போது கை உள்ளே போகாது. முன்பெல்லாம் அது கிடையாது. கிருஷ்ணப்பனுக்கு ஒருமுறை நகம் பெயர்ந்துபோன பிறகு, கார்டு போடாமல் இனி பெடலை மிதிப்பதில்லை என்று எல்லாரும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். வேலை கொஞ்சம் மெதுவாகும், ஆகட்டும் என்று முடிவு. கோவிந்தன் தன் லீவு நாளையெல்லாம் கெடுத்துக்கொண்டு மூன்று பிரஸ்ஸுக்கும் கார்டு செய்து மாட்டினான். போன நவம்பர் இருபத்தைந்து, வெள்ளிக்கிழமை. ஒரு ஆர்டரை அன்று மத்தியானமே வண்டியில் ஏற்ற வேண்டும். தம்பி நடு பிரஸ்ஸில் இருந்தான். கார்டு ஏறி இறங்குகிற நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று அதை ஒரு கம்பியால் மேலே தூக்கிக் கட்டிவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்கு என்றுதான் நினைத்திருக்கிறான். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாயிற்று என்று அத்தா கூப்பிட்டதும் கையைக் கழுவிக்கொண்டு ஓடினான், கட்டினதை அவிழ்க்க மறந்துவிட்டான். எங்களோடு பிரஸ் ஓட்டுகிற முனிலட்சுமி சாப்பிட்டு வந்து, தம்பி திரும்புவதற்குள் கொஞ்சம் அடித்துவைக்கலாம் என்று அந்த பிரஸ்ஸில் உட்கார்ந்தாள். கார்டு மேலே கட்டியிருப்பதை அவள் பார்த்தாள், பார்க்காமல் இல்லை. முந்தின இரண்டு நாள் அவள் லீவில் இருந்தபோது எல்லாரும் பேசித்தான் அப்படிக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாளாம். நம் ஷெட்டில் தனியாக ஒருத்தர் எதையும் மாற்ற மாட்டார்கள் என்று அவ்வளவு நம்பிக்கை.

சத்தம் கேட்டு நான்தான் முதலில் ஓடினேன். வலது கையில் ஆட்காட்டி விரலும் நடு விரலும் போய்விட்டது. என் துப்பட்டியைச் சுற்றி ஆட்டோவில் என் மடியில் படுக்கவைத்துக் கொண்டுபோனேன். போகிற வழியெல்லாம் அவள் அழவில்லை, தெலுங்கில் என்னென்னவோ முனகிக்கொண்டே வந்தாள், நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து, "ஆர்டர் வண்டி போச்சாம்மா" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு அத்தாவும் தம்பியும் பள்ளிவாசலிலிருந்து அப்படியே ஓடிவந்தார்கள். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாந்தாம்மா கட்டுனேன், நாந்தாம்மா கட்டுனேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். மறைக்கவில்லை, அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்.

மறுநாள் சனிக்கிழமை. டீ போட்டேன், யாரும் குடிக்கவில்லை. முனிலட்சுமி ஆஸ்பத்திரியில் இருந்தாள், நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்தோம். கோவிந்தன் தான் செய்த கார்டைக் கழற்றிக் கொண்டுவந்து நடுவில் வைத்தான், கம்பி கட்டின இடம் நெளிந்திருந்தது. அவன், "இது நம்ம எல்லாரும் சேந்து மாட்டுனது. இத அவுத்துக் கட்ட இவன் யாரு? நானோ கிருஷ்ணப்பனோ கட்டிருப்பமா? மொதலாளி மவன்ங்கற நெனப்பு உள்ளுக்குள்ள இருக்கப்போயித்தான கை அங்க போச்சு" என்று கேட்டான். தம்பி தலையைத் தூக்கவில்லை. அத்தா, நான் இதில் முதலில் பேச மாட்டேன், நீங்கள் சொல்லுங்கள் என்றார். கோவிந்தன் சொன்னான், "தம்பி நம்ம ஷெட்ட விட்டுப் போயிரணும். இன்னிக்கு விட்டுட்டா நாளைக்கு இந்த வட்டத்துல ஒக்காந்து பேசறதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல." அப்புறம் வரிசையாகக் கேட்டார்கள். கிருஷ்ணப்பன் சரி என்றான். மாரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சரி என்றாள். மத்தூரிலிருந்து வந்து வேலை பார்க்கிற இரண்டு பேரும் சரி என்றார்கள். அத்தா கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே சரி என்றார். கதவோரம் கடைசியாக உட்கார்ந்திருந்தது நான்.

அப்போதுதான் தம்பி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். காத்தூன், ஒரு வார்த்தை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கோவிந்தனே அதை ஏற்றுக்கொண்டிருப்பான், அதுதான் எங்கள் வழக்கம். அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மற்ற ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள். என் மடியில் முனிலட்சுமி ரத்தம் காய்ந்த வாடை இன்னும் போகாததுபோல இருந்தது. வேண்டாம் என்றால், பெத்தவள் பேசிவிட்டாள், இவளுக்கெல்லாம் எதற்கு வட்டத்தில் இடம் என்று நினைப்பார்களே என்று நினைத்தேன். நான் சரி என்றேன்.

அவன் சண்டை போடவில்லை. எழுந்து போய்க் கரும்பலகையில் தன் பேரைத் தானே அழித்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆஸ்பத்திரியில் முனிலட்சுமி இருந்த வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான், உள்ளே போகத் தைரியம் இல்லை. திங்கள் காலையில் நான் போட்ட இட்லியைச் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், பையை எடுத்துக்கொண்டான். வீட்டை விட்டுப் போகச் சொல்லி யாருடா சொன்னது, ஷெட்டுக்குத்தானே போகக் கூடாது, வீடு உன் வீடு இல்லையா என்று வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். "தள்ளும்மா, பஸ்ஸு வந்துரும்" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

அன்று முழுக்க நான் ஷெட்டுக்குப் போகவில்லை. அத்தா வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை, நீங்கள் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே, பெத்த அப்பாவுக்கு அது கூடவா வரவில்லை என்று கத்தினேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "நான் எப்பிடி ஃபகரு சொல்ல முடியும்? ஷெட்டு போட்டவனே நானு. நீ சொல்லுவன்னு நெனச்சேன். கடைசில நீ இருக்கற, எப்பிடியும் நீ வேணாம்னுருவங்கற தைரியத்துலதான் நான் சரின்னேன்" என்றார். அதற்கப்புறம் இந்த வீட்டில் இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், விளக்கை அணைத்தால் படுத்துக்கொள்வார். அவர் சொல்வார் என்று நானும் நான் சொல்வேன் என்று அவரும் இருந்திருக்கிறோம், நடுவில் பிள்ளை போய்விட்டான்.

இதோடு முடிந்திருந்தால்கூட நியாயத்துக்காகப் பிள்ளையைக் கொடுத்தோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஒரு மாதம் கழித்து டிசம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை முனிலட்சுமி கையில் கட்டோடு வந்தாள். அவள் வந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம், கிருஷ்ணப்பன் பன் வாங்கிவந்தான். வட்டத்தில் அவள் இடத்தில் உட்கார்ந்து டீ டம்ளரை இடது கையால் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு, தம்பி எங்கே என்று கேட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. கோவிந்தன்தான் சொன்னான். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "போனது என் வெரலு. அன்னிக்கு இங்க ஒன்பது பேர் இருந்தீங்களா எட்டுப் பேர் இருந்தீங்களா? ஒரு நாலு நாளு பொறுக்க முடியலியா? ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா, வேணாம், அந்தப் புள்ளைய அனுப்பாதீங்கன்னு சொல்லிருப்பேனே" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தெனம் சோறு எடுத்துட்டு வந்தியேம்மா, நீயாச்சும் கேட்டிருக்கக் கூடாதா" என்றாள். கோவிந்தன் எழுந்து வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதான். ஒருத்தர் இல்லாமல் எதையும் முடிவு செய்வதில்லை என்பதுதான் எங்கள் முதல் வழக்கம். கோபத்தில் ஒருத்தருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் தினமும் அவளுக்கு ஊட்டிவிட்ட எனக்கும் வரவில்லை.

அன்றே முடிவை மாற்றினார்கள், தம்பியைக் கூட்டிவர வேண்டும் என்று. ஓசூருக்கு ரொட்டி கொண்டுவருகிற வண்டி டிரைவர் ஒருத்தர் மூலமாக, ஆனேக்கல்லில் ஒரு பேக்கரியில் இருக்கிறான் என்று தெரிந்தது. ஜனவரி முதல் வாரம் நானும் முனிலட்சுமியும் கோவிந்தனும் போனோம். முழங்கை வரை மாவோடு வெளியே வந்தான், இளைத்திருந்தான். முனிலட்சுமி கையைப் பார்த்ததும் அந்தக் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான், அவள் கையெல்லாம் மாவு. "வா தம்பி, எனக்கு உம் மேல கோவமே இல்ல, வந்து உம் பேர எழுது" என்றாள். "நீங்க வந்து கூப்பிட்டதே போதும்க்கா. இனிமே என்னால பெடல மிதிக்க முடியாது" என்றான். கோவிந்தன் மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தான், அதற்கும், "நீங்க சொன்னது நாயந்தாண்ணே" என்றான். மூன்று பேருக்கும் சூடாக ரொட்டி கொண்டுவந்து கொடுத்தான். எனக்குக் கொடுக்கும்போது மட்டும் தட்டைத்தான் பார்த்தான்.

பிப்ரவரியில் நான் மட்டும் தனியாகப் போனேன். அவனுக்குப் பிடிக்குமென்று கீமாவும் சப்பாத்தியும் செய்து எடுத்துப் போனேன். பேக்கரிக்குப் பின்னால் விறகு அடுக்கின இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை மன்னிக்க மாட்டாயா என்று கேட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னான், அதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "ஷெட்டு என்ன அனுப்புனது சரிதாம்மா. நீ வேணாம்னு சொல்லிருந்தாக்கூட நானே எந்திரிச்சுப் போயிருப்பேன், அங்க இருந்திருக்க மாட்டேன். நீ சொல்லணும்னுதாம்மா பாத்துட்டிருந்தேன்." நான் காலி டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். பஸ் வருகிறவரை கூடவே நின்றான், ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான், வண்டி நகர்ந்ததும் திரும்பிப் போய்விட்டான்.

இந்தப் புதன்கிழமை மறுபடியும் போனேன். அவன் இல்லை. திங்கள்கிழமையே கணக்கு முடித்துக்கொண்டு, வடக்கே போகிற லாரி ஒன்றில் ஏறிப் போய்விட்டானாம், எந்த ஊர் என்று பேக்கரிக்காரருக்கும் தெரியவில்லை. கன்னடக்காரர், ஆனால் தமிழ் பேசுவார், நல்ல மனுஷன், எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அப்போது அவர் ஒன்று சொன்னார். "பெரியவரு ஒருத்தரு, வெள்ளத் தாடி, ஞாயித்துக்கிழம ஆனா வந்துருவாரு. எதிரு டீக்கடைல ஒக்காந்து பையனயே பாத்துட்டுப் போவாரு. உள்ள வாங்கன்னு கூப்ட்டேன், வரமாட்டேன்னுட்டாரு. உங்க ஆளுங்களாம்மா?" என்று கேட்டார். உங்க அத்தா இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரஸ்ஸுக்கு அச்சு செய்ய ஸ்டீல் பார்க்கப் பெங்களூர் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போய்க்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

புதனிலிருந்து சொல்லலாம் சொல்லலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. இன்று காலையிலும் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவன் அங்கே இல்லை, போகாதீர்கள் என்று வாசலில் நிறுத்திச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் போன பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். ஷெட் நடக்கிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. முனிலட்சுமி இப்போது என்னோடு பேக்கிங்கில் இருக்கிறாள், இடது கையால் எழுதப் பழகிவிட்டாள். நான் மட்டும் சனிக்கிழமை வட்டத்தில் உட்காருவதில்லை. டீ போட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். வாங்கம்மா, நீங்க இல்லாம எப்பிடிப் பேசறது என்று கோவிந்தன் வாசல் வரை வந்து கூப்பிடுகிறான். என்னால் முடியவில்லை கண்ணு. யாராவது என்ன சொல்கிறீர்கள் என்று என் முகத்தைப் பார்த்தால் எனக்கு உன் தம்பி பார்த்ததுதான் தெரிகிறது.

அசர் தொழுகைக்கு எழுந்து போய்விட்டு மறுபடியும் எழுதுகிறேன். இதற்குள் அத்தா வந்துவிட்டார். என்றைக்கும் ஆறு மணி ஆகும், இன்று நாலரைக்கே வந்துவிட்டார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஃபகரு, அவன் அங்க இல்ல" என்றார். தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை, எங்கே போயிருந்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை. நவம்பருக்குப் பிறகு இன்றுதான் நாங்கள் ஒரு இடத்தில் உட்கார்ந்து அழுதோம். அழுது முடித்தபின் யாருக்கு எழுதுகிறாய் என்றார், காத்தூனுக்கு என்றேன், எல்லாவற்றையும் எழுது, ஒன்றையும் விடாதே என்றார். இப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதுவதை வரி வரியாகப் பார்க்கிறார். உன் தப்பை எழுதினதுபோல நான் சரி என்றதையும் எழுதினாயா என்று கேட்டார், எழுதினேன் என்று காட்டினேன், தலையை ஆட்டினார்.

நீ அழாதே. பால் கொடுக்கிற உடம்பு. மாப்பிள்ளை என்ன சொன்னாலும் முதலில் கேட்டுக்கொள், பிறகு உன் மனசில் இருப்பதையும் வாய் திறந்து சொல்லிவிடு, அவர் சொல்வார் என்று நீ இருக்காதே. பேரனுக்கு என் கண்ணேறு படாமல் துஆ ஓதி ஊதிவிடு. எங்கள் இரண்டு பேருடைய துஆவும் உங்கள் மூன்று பேருக்கும் எந்நேரமும் உண்டு, அல்லாஹ் உங்களைப் பிரிக்காமல் வைத்திருப்பானாக.

ஒன்றே ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன். உன் மஸ்கட் விலாசம் அவனுக்கு மனப்பாடம். இத்தனை வருஷமும் என் கடிதங்களுக்கு உறையில் இங்கிலீஷில் விலாசம் எழுதியது அவன்தான். என்றைக்காவது உனக்கு ஒரு கடிதம் போடுவான். எந்த ஊரில் இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லாதே என்று அவன் எழுதினால் நீ எங்களிடம் சொல்ல வேண்டாம், அவன் பேச்சை மீறாதே. நாங்களும் கேட்க மாட்டோம், தேடிக்கொண்டும் போக மாட்டோம், அத்தாவும் சரி என்கிறார். கடிதம் வந்தது என்று மட்டும் ஒரு வரி எழுது.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஃபகருன்னிசா